வயலின் வில்லால் பாலத்தை அளந்தவர்



ஆண்டு மலரில் எழுதச் சொன்னதும் ஒரு பெரிய மனிதரின் வரலாற்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் கதையில் ஒரு சின்னத் திருட்டை ஒப்புக்கொள்ளாமல் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு. எஸ்.ஓ.எம். லேப். சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் ஷியர் ஃபோர்ஸ் அளக்கும் எக்ஸ்பெரிமென்ட். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்த அப்பரேட்டஸ் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு முனைகளிலும் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பீம். அதை ஓர் இடத்தில் இரண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். வெட்டிய இடத்தில் உள்ள ரோலர் அமைப்பு பீம் மடங்காமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு துண்டு மேலேயும் இன்னொரு துண்டு கீழேயும் வழுக்குவதை மட்டும் தடுக்காது. அந்த வழுக்கலைத் தடுப்பது ஒரு ஸ்பிரிங் பேலன்ஸ். எடையைத் தொங்கவிட்டால் துண்டுகள் மேலும் கீழுமாக நகரும். திருகைத் திருப்பி இரண்டையும் பழையபடி நேராக்கினால் ஸ்பிரிங் பேலன்ஸ் ஒரு ரீடிங் காட்டும். அந்த இடத்தில் பீமுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஷியர் ஃபோர்ஸை இப்படித்தான் வெளியே கொண்டு வருகிறோம்.

எங்கள் பேட்ச்சில் நாலு பேர். ஸ்பான் 1000 மில்லிமீட்டர். வெட்டு, இடது முனையிலிருந்து 400-ல். எடை 20 நியூட்டன், 600-ல் தொங்குகிறது. கணக்கு ரொம்பச் சுலபம். இடது ரியாக்‌ஷன், 20 பெருக்கல் 400, வகுத்தல் 1000. அதாவது 8 நியூட்டன். வெட்டுக்கும் இடது முனைக்கும் நடுவில் வேறு எடை எதுவும் இல்லை. ஆகவே ஷியர் ஃபோர்ஸும் 8 தான். ஆனால் ஸ்பிரிங் பேலன்ஸ் காட்டியதோ 9.5!

என்ன செய்தோம் தெரியுமா? பேலன்ஸ் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டு ரெக்கார்டில் 8.1 என்று எழுதிட்டோம். சரியாக 8 என்று எழுதினால் சந்தேகம் வருமாம்! அதனால் அந்த .1. இந்த வித்தை சீனியர்கள் வழியாக வழிவழியாக வருவது. உங்களுக்கும் தெரியாதது இல்லை.

வைவாவில் எங்கள் சார் ரெக்கார்டைப் புரட்டினார். திட்டவில்லை. இனிஷியல் ரீடிங் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பேசாமல் எங்களை அப்பரேட்டஸ் பக்கம் அழைத்துப் போய் எடையைக் கழற்றினார். ஸ்பிரிங் பேலன்ஸ் 1.5-ல் நின்றது. அது பீமின் சொந்த எடை. 9.5-ல் 1.5 போனால்? பேலன்ஸ் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் உண்மையான ரீடிங்கைக் கையில் வைத்துக்கொண்டே பொய்யை எழுதியிருக்கிறோம்.

ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீமின் ஷியரை வயலின் வில்லால் அளந்த ஒரு மனிதர் இருந்தார், லைப்ரரியில் தேடிப் பார் என்றார். தேடினேன். கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர் திமித்ரி இவானோவிச் ஜுராவ்ஸ்கி.

யார் இவர்?

1821-ஆம் ஆண்டு டிசம்பரில், ரஷ்யப் பேரரசின் குர்ஸ்க் மாகாணத்தில் பிறந்தவர். நேஜின் என்ற ஊரில் படித்துவிட்டு, தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த போக்குவரத்துப் பொறியாளர் கல்லூரியில் சேர்ந்தார். 1809-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. சாலை, கால்வாய், பாலம் இவற்றுக்கு என்ஜினியர்களை உருவாக்குவதற்கென்றே ஏற்பட்டது. ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி என்ற பெரிய கணித மேதை அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் கணிதம் கற்று, 1842-ல் ஜுராவ்ஸ்கி வெளியே வந்தார்.

நல்ல நேரத்தில் வெளியே வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதே 1842-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் மாஸ்கோவையும் இணைக்கும் ரயில் பாதை போட ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸ் உத்தரவிட்டார். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளம். வழியெல்லாம் ஆறுகள், சதுப்பு நிலங்கள், ஆழமான பள்ளத்தாக்குகள். இவ்வளவு பெரிய ரயில் பாதையை ரஷ்யாவில் அதுவரை யாரும் போட்டதில்லை. ஆலோசனை சொல்ல அமெரிக்காவிலிருந்து விஸ்லர் என்ற என்ஜினியரை வரவழைத்தார்கள். நம்ம ஆளுக்கு முதல் வேலையே இந்தப் பாதையில்தான்.

இருபத்திரண்டு வயதில் ஒரு பாலம்!

இந்தப் பாதையிலேயே பெரிய பாலம் வெரெபியா பள்ளத்தாக்கின் மேல் வர வேண்டியது. 9 கண்கள். ஒவ்வொரு கண்ணும் சுமார் 54 மீட்டர். உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். 1844-ல் அந்தப் பாலத்தின் வேலை ஜுராவ்ஸ்கியின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 22! நம்ம வயசுதான், கொஞ்சம் கூட. நாம் இந்த வயதில் பஸ் பாஸுக்கு வரிசையில் நிற்கிறோம். அவர் ஒரு பேரரசின் ரயில் ஓடப்போகும் பாலத்துக்குப் பொறுப்பேற்று நின்றார்.

பாலத்துக்கு எடுத்துக்கொண்ட வடிவம் ஹோவ் ட்ரஸ். அமெரிக்காவின் வில்லியம் ஹோவ் 1840-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. மேலே ஒரு நீள உத்தரம், கீழே ஒரு நீள உத்தரம், நடுவில் சாய்வாக மரக்கட்டைகள், செங்குத்தாக இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகளின் முனையில் உள்ள நட்டை முறுக்கினால் மொத்த ட்ரஸ்ஸும் இறுகி நிற்கும். ரஷ்யாவில் மரத்துக்குப் பஞ்சமில்லை, இரும்புதான் விலை. ஆகவே இந்த அமைப்பு அந்த நாட்டுக்கு வாகாக இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் காலத்து ஹோவ் ட்ரஸ்களில், நடுவில் இருக்கும் கம்பியும் ஓரத்தில் இருக்கும் கம்பியும் ஒரே தடிமன். சாய்வுக் கட்டைகளும் அப்படியே. சின்னப் பாலத்தில் அது பெரிய தொந்தரவு இல்லை. 54 மீட்டர் கண்ணுக்கு? ஒவ்வொரு உறுப்பிலும் எவ்வளவு விசை வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி அன்றைக்கு என்ஜினியர்கள் கையில் இல்லை. ஜுராவ்ஸ்கி உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பாக எடுத்து, விசைகளைச் சமன் செய்து கணக்குப் போட்டார். இன்று நாம் மெத்தட் ஆஃப் ஜாயின்ட்ஸ் என்று படிக்கிறோமே, அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் அவர் ஒருவர்.

விடை என்ன வந்தது? தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிகள்தான் அதிகம் இழுபடுகின்றன. நடுவுக்குப் போகப் போக விசை குறைகிறது!

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரவில்லை. பாலம் என்றால் நடுவில்தானே தொய்யும்? நடுவில்தானே ஆபத்து? சாமானிய புத்தி அப்படித்தான் சொல்லும். தொய்வுக்குக் காரணமான பெண்டிங் மொமென்ட் நடுவில்தான் அதிகம். ஆனால் ஷியர் அதற்கு நேர் எதிர். பீம் முழுக்க ஒரே மாதிரி பாரம் இருந்தால், எஸ்.எஃப்.டி. தாங்கியில் உச்சத்தில் தொடங்கி நடுவில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நடுவில் விழும் பாரம், வழியில் இருக்கும் பாரத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டுதானே தாங்கிக்கு வந்து சேர்கிறது! வாய்க்காலில் தண்ணீர் சேர்வது போல, கடைசியில் இருப்பவன் தலையில் எல்லாம் சேரும்.

நானே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 கட்டங்கள் உள்ள ஒரு ஹோவ் ட்ரஸ். கீழே உள்ள 7 இணைப்புகளிலும் ஆளுக்கு ஒரு டன். தாங்கி ஒவ்வொன்றுக்கும் 3.5 டன். அப்போது செங்குத்துக் கம்பிகளில் வரும் விசை, ஓரத்திலிருந்து 3.5, 2.5, 1.5 டன், நட்டநடுக் கம்பியில் 1 டன். ஓரத்துக் கம்பி நடுக்கம்பியைப் போல மூன்றரை மடங்கு உழைக்கிறது. இரண்டுக்கும் ஒரே தடிமன் கொடுப்பது எப்படி நியாயம்? (ரயில் நகர்ந்துகொண்டே போகும்போது நடுவிலும் ஷியர் கொஞ்சம் கூடும். அதனால் நடுக்கம்பியை ஒரேயடியாக நூலாக்கிவிடவும் முடியாது.)

கம்பி பாடியது

கணக்குச் சொல்லிவிட்டது. சரி, அதை மற்றவர்கள் நம்ப வேண்டாமா? எல்லாக் கம்பியையும் ஒரே தடிமனில் போட்டுப் பழகிய கைகள். ஒரு இளைஞனின் காகிதக் கணக்கு அவர்களை அசைக்குமா?

இங்கேதான் ஜுராவ்ஸ்கி செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலத்தின் மாடல் ஒன்று செய்தார். செங்குத்து இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகள், எல்லாம் ஒரே தடிமன். மாடலின் மேல் பாரம் ஏற்றினார். பிறகு ஒரு வயலின் வில்லை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார்!

தம்புராவையோ வீணையையோ சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே உலோகம் என்றால் சுருதியைத் தீர்மானிப்பது இழுவிசை ஒன்றுதான். விசை நாலு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். அதாவது மேல் சட்ஜம். மாடலில் தாங்கிக்குப் பக்கத்துக் கம்பிகள் உயர்ந்த சுருதியில் ஒலித்தன. நடுவுக்கு வர வர சுருதி இறங்கியது. கணக்கு சொன்னதையே கம்பி பாடிக் காட்டியது!

மேலே நான் போட்ட 8 கட்டக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விசை 3.5 மடங்கு என்றால் அதிர்வெண் அதன் வர்க்கமூலம், 1.87 மடங்கு. நடுக்கம்பியை சட்ஜம் என்று வைத்தால் ஓரத்துக் கம்பி கிட்டத்தட்ட காகலி நிஷாதத்தில் பாடும். ஸ்ட்ரெயின் கேஜ் இல்லை, டிஜிட்டல் மீட்டர் இல்லை. காது இருக்கிற எவனும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

இப்போது நம்ம லேப் அப்பரேட்டஸை நினைத்துப் பாருங்க. பீமை ஒரு இடத்தில் வெட்டி அங்கே ஒரு ஸ்பிரிங் பேலன்ஸைப் போடுகிறோம். ஜுராவ்ஸ்கியின் மாடலில் ஒவ்வொரு கம்பியும் அந்தந்தக் கட்டத்தின் ஸ்பிரிங் பேலன்ஸ். நம்முடையது எண்ணைக் காட்டும். அவருடையது குரல் கொடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மரம் ஏன் நீளவாக்கில் பிளந்தது?

பாலம் கட்டும்போது இன்னொரு புதிர் வந்தது. பெரிய மர உத்தரங்களை வளைத்தால், சில சமயம் மேலோ கீழோ ஒடிவதற்குப் பதிலாக, நடு உயரத்தில் நாரோடு சேர்ந்து நீளவாக்கில் பிளந்துவிடும். பிரான்சின் நேவியே 1826-ல் வெளியிட்ட பெண்டிங் தியரிப்படி நடு உயரத்தில் ஸ்ட்ரெஸ்ஸே கிடையாது. நியூட்ரல் ஆக்சிஸ் ஆயிற்றே! ஸ்ட்ரெஸ் இல்லாத இடத்தில் மரம் ஏன் கிழிய வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் படிக்கட்டு மாதிரி ஆகும். உத்தரத்திலும் அதே வழுக்கல் முயற்சி உள்ளே நடக்கிறது. மரத்தின் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தடுக்கின்றன. அந்தப் பிடிப்பின் மேல் விழும் விசைதான் நீளவாக்கு ஷியர். மரம் நாருக்குக் குறுக்கே பலசாலி. நாரோடு பிளப்பது சுலபம். விறகு வெட்டும் எந்த ஆசாரிக்கும் தெரிந்த விஷயம். அதை என்ஜினியரிங் கணக்காக மாற்றியவர் ஜுராவ்ஸ்கி.

அவர் கண்டுபிடித்த சூத்திரம் வேறெங்கும் இல்லை, நம்ம நோட்ஸிலேயே இருக்கிறது. ஷியர் ஸ்ட்ரெஸ் என்பது எஃப் பெருக்கல் ஏ ஒய்-பார், வகுத்தல் ஐ பி. அதேதான்! செவ்வக வெட்டுமுகத்தில் உச்ச ஷியர் ஸ்ட்ரெஸ் சராசரியைப் போல 1.5 மடங்கு, அதுவும் நடு உயரத்தில் என்று மனப்பாடம் செய்கிறோமே, மரம் நடுவில் பிளந்ததற்கான காரணம் அந்த ஒன்றரையில்தான் இருக்கிறது. ரஷ்யாவில் இதை ஜுராவ்ஸ்கி சூத்திரம் என்றே சொல்கிறார்கள். நம்ம நோட்ஸில் பெயர் இல்லை. இரண்டு வருஷமாக அவர் தயவில் மார்க் வாங்கிக்கொண்டு, அவர் யாரென்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இந்தச் சூத்திரத்தால் என்ன லாபம்? இரண்டு பலகைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிடைக்கும் விறைப்பைப் போல, வழுக்காமல் இணைத்தால் நாலு மடங்கு விறைப்பு கிடைக்கும். பலமும் இரண்டு மடங்கு. ஆனால் இணைக்கும் கட்டைகளையும் போல்ட்டுகளையும் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் போடுவது? அதைச் சொல்வது இந்தச் சூத்திரம்தான். ஷியர் அதிகமுள்ள ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் தள்ளித்தள்ளி. இரும்புப் பாலங்களின் ரிவெட்டுக்கும் இதே விதி.

பாதை 1851 நவம்பரில் திறக்கப்பட்டது. வெரெபியா பாலத்தின் மேல் ரயில் ஓடியது. 1881-ல் அந்த இடத்துச் சரிவைத் தவிர்க்கப் பாதையைச் சுற்றி வளைத்துப் போடும் வரை அந்த வழியாகவே ரயில்கள் போயின. ஹோவ் ட்ரஸ் பாலங்களைப் பற்றி ஜுராவ்ஸ்கி எழுதிய நூலுக்கு 1855-ல் ரஷ்ய அறிவியல் கழகம் டெமிடோவ் பரிசு கொடுத்தது. அடுத்த ஆண்டே அவருடைய ஷியர் ஆராய்ச்சி பிரெஞ்சு மொழியில் வெளியாகி ஐரோப்பா முழுவதும் தெரிய வந்தது.

ஊசிக் கோபுரமும் கடைசி நாட்களும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் படங்களில் நதிக்கரையில் ஊசி மாதிரி ஒரு தங்கக் கோபுரம் தெரியுமே, பீட்டர் – பால் கதீட்ரல், அதன் ஊசிக் கோபுரம் முன்பு மரத்தில் இருந்தது. 1756-ல் இடி விழுந்து எரிந்து, திரும்பக் கட்டினார்கள். அதுவும் பழுதானபோது இரும்பில் கட்டும் பொறுப்பு ஜுராவ்ஸ்கிக்கு வந்தது. 1857-58-ல் வேலை முடிந்தது. மொத்த உயரம் 122.5 மீட்டர். உரால் பகுதியின் வோட்கின்ஸ்க் ஆலையில் செய்த இரும்புச் சட்டம் அது. இன்றைக்கும் நிற்கிறது.

1877 முதல் 1889 வரை ரஷ்ய ரயில்வே துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 1891 நவம்பரில், 69-ஆம் வயதில் காலமானார்.

நமக்கென்ன?

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பழக்கம் ஒன்று சொல்லி, கணக்கு வேறு சொன்னபோது ஜுராவ்ஸ்கி எந்தப் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு சாயவில்லை. மாடலைச் செய்து, பாரத்தை ஏற்றி, கம்பியையே கேட்டார். சூத்திரம் சொன்ன இடத்தில் மரம் பிளக்கவில்லை என்றதும் மரத்தைக் குறை சொல்லவில்லை. சூத்திரத்தில் எது விடுபட்டது என்று தேடினார். நாங்கள் நாலு பேரும் செய்தது அதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் பேலன்ஸ் 9.5 என்று சொன்னதும் அதன் வாயைப் பொத்திவிட்டு 8.1 என்று நாங்களே பேசினோம். அந்த ஒன்றரை நியூட்டன் வித்தியாசத்துக்குள்ளே பீமின் சொந்த எடை என்ற பாடம் இருந்தது. அதை 8.1 மூடிப் போட்டு மறைத்துவிட்டது.

லேப்பில் பொய் ரீடிங் எழுதினால் யாரும் சாகப் போவதில்லை, உண்மைதான். ஆனால் இன்னும் சில வருஷத்தில் நம்மில் யாரோ ஒருத்தர் சைட்டில் நிற்போம். கான்கிரீட் க்யூப் டெஸ்ட் ரீடிங் எழுதுவோம். பீமின் முனையில் ஸ்டிரப் இடைவெளி நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். ஓரத்தில் ஏன் நெருக்கம், நடுவில் ஏன் தள்ளி என்று கேட்கும் கம்பி கட்டும் தொழிலாளிக்குப் பதில் சொல்வோம். அப்போதும் அந்த .1 வித்தை கை தவறி வந்துவிட்டால்?

நாங்கள் ரெக்கார்டைத் திரும்ப எழுதினோம். இனிஷியல் ரீடிங் 1.5, ஃபைனல் ரீடிங் 9.5, ஷியர் ஃபோர்ஸ் 8. வெட்டுக்கு இடது பக்கம் 200-ல் எடையை மாற்றி மாட்டி இன்னொரு தடவையும் பார்த்தோம். கணக்குப்படி 4 நியூட்டன், திசை எதிர். பேலன்ஸ் கொடுத்தது 4.3. அந்த .3 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ரோலரின் உராய்வாக இருக்கலாம். இருந்தாலும் 4.3 என்றே எழுதினோம். சார் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டார்.

அடுத்து அந்த லேப்புக்குப் போகும் ஜூனியர் தம்பி தங்கைகளே, எடையை மாட்டுவதற்கு முன்னால் இனிஷியல் ரீடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் என்ன காட்டுகிறதோ அதை எழுதுங்கள். ஒத்து வரவில்லையா, சாரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை!



— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்